17 வயதில் அப்பாவை விட்டு அம்மம்மா வீட்டுக்குப் போனால் பொலிஸ் பிடித்துக்கொண்டு வருமா?

கேள்வி கேட்ட பிள்ளை மட்டக்களப்பு. அம்மா குவைத்தில் வேலை. அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார். அம்மம்மாவிடம் போனால் பொலிசில் சொல்லி இழுத்துக்கொண்டு வருவேன் என்று வெருட்டுகிறாராம்.

தங்கச்சி, வீட்டை விட்டுப் போவது குற்றமில்லை, அதற்காக உங்கள் மேல் வழக்கு வராது. ஆனால் 18 வயது வரை நீங்கள் பராயமடையாதவர்தான் (1989க்கு முன் அது 21). அப்பா முறைப்பாடு கொடுத்தால் பொலிஸ் தேடி வரத்தான் செய்யும். வந்தபின் என்ன நடக்கும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் அக்காவின் மகள் ஒருநாள் பின்நேரம் பள்ளிக்கூட உடுப்போடு களுவாஞ்சிகுடியில் பஸ் இறங்கி எங்கள் வாசலில் வந்து நின்றாள். முழங்கைக்கு மேலே பெல்ட் அடித்த தடம். அக்கா அப்போது சவூதியில். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, சோற்றைப் போட்டுக் கொடுத்தா. அடுத்த நாள் மச்சான், நான்தான் பிள்ளையைக் கடத்திவிட்டேன் என்று பொலிசில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பொலிசின் சிறுவர், பெண்கள் பணியகத்தில் இருந்த பொலிஸ் அம்மா முதலில் கேட்டது பிறப்புச் சான்றிதழ். அதைப் பார்த்து விரல்விட்டு மாதம் எண்ணினா. 15 வயது 8 மாதம். எனக்கு வேர்த்துவிட்டது. ஏனென்றால் 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையை (ஆண்பிள்ளை என்றால் 14) பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் கூட்டிப் போனாலோ, ஆசைகாட்டி வரவழைத்தாலோ தண்டனைச் சட்டக்கோவையில் அது கடத்தல். 7 வருடம் வரை மறியல் (சிறை). "நீங்கள் கூட்டி வந்தீர்களா, பிள்ளையாக வந்தாளா?" என்று கேட்டா. மருமகள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, நாலாய் மடித்த பஸ் டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரே ஒரு டிக்கெட்.

அதன்பிறகு நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். பிள்ளை எங்கே படுக்கிறாள், கதவுக்குக் கொளுக்கி இருக்கிறதா, வீட்டில் ஆம்பிளைகள் யார் யார் என்றெல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போனார். நீதவான் அந்த அறிக்கையைப் பார்த்து, தகுந்த ஆள் என்று அம்மாவின் பொறுப்பில் விட்டார்.

உங்களுக்கு 17 என்பதால் நான் சொன்ன அந்தக் கடத்தல் பிரிவு அம்மம்மாவைத் தொடாது. அதற்காக அப்பாவின் உரிமை இல்லாமல் போய்விடாது. முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு எங்கள் நாட்டில் இந்த விஷயத்துக்கு, ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம்தான். கலியாணம் முறியாத வரைக்கும் தகப்பன்தான் இயற்கைப் பாதுகாவலர் என்று அது தொடங்குகிறது. தாய்வழிக் குடி பார்க்கிற எங்கள் ஊரில் இதைச் சொன்னால் கிழவிகள் சிரிப்பார்கள். ஆனாலும் பிள்ளையின் நலன் என்று வந்தால் நீதிமன்றம் தகப்பனையும் தள்ளி வைக்கும், 17 வயதுப் பிள்ளை எங்கே இருக்க விரும்புகிறது என்பதையும் கேட்கும். பிள்ளையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று அப்பா ஆட்கொணர்வு மனு போட்டால் மேல் நீதிமன்றத்திலும் இதுதான் பேச்சு.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் இருக்கிற வீடு யாருடையது? எங்கள் பக்கம் அது அனேகமாக அம்மாவின் சீதன வீடாகத்தான் இருக்கும். அப்படியிருக்க, நீங்கள் ஏன் பையைத் தூக்க வேண்டும்? 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். அடிக்கிறவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் அதில் சொல்லலாம். 12 மாதம் வரை செல்லும். உங்களுக்காகப் பொலிசே அதைக் கேட்டு மனு போடலாம். இதைத் தெரிந்தவர்கள் குறைவு. எங்களுக்கும் அன்றைக்குத் தெரியாது. அக்காவின் வீட்டில் மச்சான் தனியாக இருந்து குடித்தார், அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டில் பாயில் கிடந்தாள்.

இன்றைக்கே போக வேண்டிய நிலை என்றால் போங்கள், ஒளிந்து மட்டும் போகாதீர்கள். போன கையோடு அம்மம்மாவோடு பொலிசுக்குப் போய், ஏன் வந்தேன் என்று முறைப்பாட்டைப் பதிந்து விடுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் சொல்லுங்கள். 1929க்கு போன் எடுத்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, தமிழில் பேசலாம். காயம் இருந்தால் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள், அந்த அறிக்கை பிறகு பேசும். குவைத்தில் இருந்து அம்மா தூதரகம் மூலம் ஒரு கடிதம் அனுப்பினால் நல்லது. அது மட்டும் பொறுப்பை மாற்றாது, ஆனால் நீதிமன்றத்தில் எடுபடும்.

அம்மம்மாவுக்குச் செலவு கூடும் என்று யோசிக்காதீர்கள். நீங்கள் வேறு வீட்டில் இருந்தாலும் அப்பா தாபரிப்புக் கொடுக்க வேண்டும், 1999ஆம் ஆண்டுச் சட்டம் அது. உங்களை வைத்திருப்பவரே நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் அப்பாவின் அலுமாரியில் இருந்தால் அதற்காகத் திரும்பிப் போகாதீர்கள். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தால் இன்னொரு பிரதி எடுக்கலாம்.