மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். ஊழியர்களை நேரத்தை வைத்து மதிப்பிடுவதா, வேலையின் விளைவை வைத்தா?

விளைவைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் எந்த விளைவை? கிருஷ்ணகிரியில் பெங்களூரா ரக மாம்பழ வரத்து குறைந்தால் கூழின் அளவும் குறையும். அதற்குத் தொழிலாளி எப்படிப் பொறுப்பாவார்? அவர் கையில் இருப்பதை அளந்து பாருங்கள்: அழுகிய பழத்தைச் சரியாகக் கழித்தாரா, தோலோடும் கொட்டையோடும் எவ்வளவு சதை வீணானது, இயந்திரத்தை முறையாகக் கழுவினாரா.

கணக்கர், கொள்முதல் அலுவலர் போன்றோர் வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டால் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போகட்டும். இரவு வரை உட்கார்ந்திருப்பவரை மட்டும் உழைப்பாளி என்று புகழ்வது எனக்குக் கோபமூட்டுகிறது, அது மற்றவர்களை அவமதிப்பது.

ஆலைத் தளத்திலோ நேரப் பதிவேட்டைக் கைவிடவே கூடாது. வாரத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டினால், தாண்டிய நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது சட்டம். இலக்கை எட்டவில்லை என்று காரணம் காட்டி அதை மறுக்க முடியாது.