கரன்ட் மீட்டரில் ஆர்எஃப் இன்டர்னுக்கு என்ன வேலை?

கேள்வி: ஸ்மார்ட் மீட்டர் செய்யும் கம்பெனியில் ஆர்எஃப் (ரேடியோ அலை) இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அங்கே என்ன செய்யச் சொல்வார்கள்? எதைப் படித்துவிட்டுப் போகலாம்?

முதலில் வாழ்த்துகள். ஸ்மார்ட் மீட்டர் ரீடிங்கைத் தானே அனுப்ப வேண்டும். அதற்கு சிம் கார்டு இருக்கும், இல்லையென்றால் ஆர்எஃப் மெஷ், அதாவது மீட்டருக்கு மீட்டர் ரேடியோவில் தகவலைக் கைமாற்றும் வலை. இந்தியாவில் மெஷ்ஷுக்குப் பயன்படுவது உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டை. அலைநீளம் சுமார் 35 செ.மீ.; அதில் கால் பங்கு நீளமுள்ள ‘கால் அலை’ ஆன்டெனா 8.7 செ.மீ. அந்தச் சின்ன டப்பாவுக்குள் அதை மடக்கித்தான் வைக்க முடியும்.

பெரும்பாலும் உங்கள் கைக்கு வருவது ஆன்டெனா மேட்சிங்: அனுப்பும் சக்தி திரும்பி வராமல் ஆன்டெனாவுக்குள் போகும்படி சரிசெய்வது. அதை அளக்கும் கருவியான நெட்வொர்க் அனலைசரில் மேசைமேல் பார்த்தால் ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் சக்தி எவ்வளவு குறைவு என்ற அளவு; கூடினால் நல்லது) 15 டெசிபெல், அழகாக இருக்கும். அதையே இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள்: திரையில் தெரியும் வளைவின் பள்ளம் வேறு அலைவரிசைக்கு நகர்ந்து, நமக்கு வேண்டிய இடத்தில் ரிட்டர்ன் லாஸ் 5 டெசிபெல்லுக்கு வந்து நிற்கும். அனுப்பும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வருகிறது என்று அர்த்தம். அப்புறம் கெப்பாசிட்டர், இண்டக்டரை மாற்றி மாற்றி சால்டர் செய்வதுதான் பொழுது. இதை எந்தப் பாடமும் சொல்லித் தராது.

ஒரு எச்சரிக்கை. பல சிங்கிள் ஃபேஸ் மீட்டர்களில் போர்டின் கிரவுண்டே ஃபேஸ் லைனோடு இணைந்திருக்கும். மெயின்ஸ் போட்டபடி அனலைசர் கேபிளைச் செருகினால் ஃபேஸ் நேராக எர்த்துக்குப் போகும். கருவியும் போகும், ஆளுக்கும் ஆபத்து. பேட்டரியில் ஓட்டி அளவெடுங்கள்.

ஸ்மித் சார்ட் (மேட்சிங் கணக்குக்கான வட்ட வரைபடம்), டெசிபெல் கணக்கு இரண்டும் விரல்நுனியில் இருந்தால் போதும். மற்றதை அங்கே கற்றுக்கொள்ளலாம்.