டாக்டர் ஆக வேண்டாம், ஆனால் மருத்துவத் துறையில் இருக்க வேண்டும்: பயோமெடிக்கல் எடுக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: பள்ளிப்படிப்பு முடியப் போகிறது, கருவிகளைப் பிரித்துப் பார்ப்பதில் ஆர்வம், மருத்துவத் துறையில் இருக்க ஆசை, நாலு பேருக்கு உபயோகமாகவும் இருக்க வேண்டும், மருத்துவக் கருவிகளை உருவாக்கவும் பராமரிக்கவும் படிக்கிற பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுக்கலாமா, இப்போதிருந்தே என்ன செய்வது?

எடுக்கலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, அவர் தேறி வீட்டுக்குப் போவதைப் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் நர்ஸிங், பிசியோதெரபி, மருத்துவம் இவற்றையே பாருங்கள். பயோமெடிக்கல் படித்தவர்களில் பலர் நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே வருடக்கணக்கில் வேலை செய்கிறார்கள். சர்க்யூட் போர்டு, மென்பொருள், சோதனை அறிக்கை, அதற்கு மேல் இன்னொரு அறிக்கை. இது தெரியாமல் சேர்ந்து இரண்டாம் வருடத்தில் முகம் தொங்கிப்போன நண்பர்கள் எனக்கு உண்டு.

நான் இதற்குள் வந்தது தற்செயலாகத்தான். பதினேழு வயதில் ஒரு மருத்துவமனையில் தன்னார்வலராகப் போனேன். உண்மையைச் சொன்னால், கல்லூரி விண்ணப்பத்தில் எழுத ஏதாவது வேண்டுமே என்றுதான் போனேன். சக்கர நாற்காலி தள்ளுவது, ஃபைல் கொண்டுபோய்க் கொடுப்பது, வழி தெரியாமல் நிற்பவர்களை அழைத்துப் போவது, இவ்வளவுதான் வேலை. ஒரு நாள் வார்டில் ஒரு பெரியவரின் மானிட்டர் வீல் வீலென்று கத்தியது. ரத்தத்தில் ஆக்சிஜன் 82 சதவீதம் என்று காட்டியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. சிஸ்டர் நிதானமாக வந்தார், முதலில் திரையைப் பார்க்கவில்லை, பெரியவரின் முகத்தைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், "என்னங்கய்யா, கை இப்படிச் சில்லுனு இருக்கு" என்று சொல்லி விரல்களைத் தேய்த்துவிட்டார், கிளிப்பை வேறு விரலில் மாட்டினார். கொஞ்ச நேரத்தில் 97. "மெஷினுக்குத்தான் குளிர், அவருக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி அந்த கிளிப் எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். பல்ஸ் ஆக்சிமீட்டர் விரலுக்குள் இரண்டு ஒளியைப் பாய்ச்சுகிறது, ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொன்று 940 நானோமீட்டர் அளவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. ஆனால் விரலில் தோல் இருக்கிறது, சதை இருக்கிறது, எலும்பு இருக்கிறது, இதில் தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஜப்பானில் தகுவோ அயோயாகி என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்தில், ரத்தத்தில் சாயம் செலுத்திக் காதுமடல் வழியாக ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடித்துடிப்பு நடுவில் புகுந்து வரைகோட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப் போனவருக்குத்தான், துடிக்கிற பகுதி என்றால் அது தமனி ரத்தம், அதை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் போதும் என்று பிடிபட்டது. சரி, அப்படியென்றால் குளிரில் ரத்தக்குழாய் சுருங்கித் துடிப்பு பலவீனமானால் கருவி தடுமாறத்தானே செய்யும்? சிஸ்டர் விரலைத் தேய்த்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் இந்தக் கணக்கெல்லாம் படித்திருக்க மாட்டார், ஆனால் கருவி எங்கே சறுக்கும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இதே கருவியைப் பற்றி 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. கருவி நல்ல எண்ணைக் காட்டும்போதே ரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சுகிறது, அதனால் யாருடைய விரலில் சோதித்துச் சரிபார்த்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த எண் யாருக்குச் சரியாக இருக்கும் என்பதும். நீங்கள் பொறியியல், மருத்துவம், சேவை என்று மூன்று ஆசைகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்தபோது மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

நான் மட்டும் என்ன யோக்கியம்? இரண்டாம் வருடம் படிக்கும்போது முதியோர் இல்லத்துக்காக ஒரு மாத்திரைப் பெட்டி செய்தேன். நான்கு அறைகள், நேரம் வந்தால் விளக்கு எரியும், பஸ்ஸர் அடிக்கும். கல்லூரியில் கைதட்டல். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மூன்று வாரம் கழித்துப் போனால், அங்கிருந்த பாட்டி ஒருவர் அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தார். "சத்தம் கேட்டா பக்கத்துக் கட்டில் அம்மா திடுக்கிட்டு எழுந்துடறாங்கப்பா, அதுவும் போக எனக்கு மூடியே திறக்க வரல" என்றார். மூட்டுவாதத்தில் விரல்கள் ஒரு பக்கமாக வளைந்திருந்தன. அந்த மூடியை நான் நூறு தடவை திறந்து மூடிச் சோதித்திருந்தேன், அத்தனையும் என் விரலால். அடுத்த பெட்டியைச் செய்வதற்கு முன் நான்கு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, மாத்திரை அட்டையை எப்படிப் பிரிக்கிறார், எதை எதனோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்கிறார் என்று பார்த்தேன். வானொலியில் செய்தி முடிந்ததும் போடுவது அவர் வழக்கம், பஸ்ஸரே தேவைப்படவில்லை. மூன்றாவது பெட்டிக்கு மூடி கிடையாது, சாய்த்தால் ஓர் அறையிலிருந்து மட்டும் மாத்திரை கையில் விழும். மின்சாரமே இல்லாததால் பேராசிரியருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அதனால் நீங்கள் சேவைக்குப் போவதாக இருந்தால் பத்து இடத்தில் பத்து நாள் போகாதீர்கள், ஒரே இடத்துக்கு ஒரு வருடம் போங்கள். முதல் மாதம் உங்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பார்கள். எத்தனை மணி நேரம் சேவை செய்தீர்கள் என்று எழுதுவதோடு பார்த்ததையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்தக் கருவியில் டேப் ஒட்டியிருக்கிறது, எது மூலையில் துணி போர்த்தி நிற்கிறது, ஏன். நோயாளிகளின் பெயர், போட்டோ எதுவும் அதில் வேண்டாம். வருமானம் குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் கணக்கெடுத்த ஓர் ஆய்வு 2011ல் வந்தது, அங்கே இருந்த கருவிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் வேலை செய்யாமல் கிடந்தன. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் எல்லாரும் கிளம்புகிறார்கள், இருப்பதை ஓடவைக்க ஆள் இல்லை. மருத்துவமனையில் இருக்கும் கருவிகளை ஓடவைக்கிற கிளினிக்கல் இன்ஜினியர் என்ற வேலையைப் பற்றிப் பள்ளி மாணவர்களிடம் யாரும் சொல்வதில்லை, நான் இப்போது பார்ப்பது அந்த வேலைதான்.

படிப்பு விஷயம். இயற்பியலும் கணக்கும் கட்டாயம், உயிரியலை விட்டுவிடாதீர்கள், ஏதாவது ஒரு நிரல் மொழி கொஞ்சம் தெரிந்தால் நல்லது. கணக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நெஞ்சின் மேல் ஈசிஜி எடுக்கும்போது கிடைப்பது சுமார் ஒரு மில்லிவோல்ட், அதைவிடப் பெரிதாகச் சுவரில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சல் அதில் ஏறியிருக்கும். இரைச்சலை வடிகட்டும்போது இதயத்தின் அலையும் கூடவே சிதைந்துவிட்டால், டாக்டர் பார்ப்பது இல்லாத நோயாக இருக்கலாம். ஓர் அலையை அதற்குள் இருக்கும் அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே உருமாற்றம் என்ற கணக்கைப் பரீட்சைக்காகப் படித்தபோது ஒரு வரி மண்டையில் ஏறவில்லை, இதற்காகப் படித்தபோது ஏறியது.

பழைய கருவிகளைப் பிரித்துப் பாருங்கள், கையால் அமுக்கி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியிலிருந்து ஆரம்பிக்கலாம். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னேற்றம் நிற்கும். வார்டில் ஓடிக்கொண்டிருக்கும் எதையும், எவ்வளவு கை அரித்தாலும், தொடக் கூடாது.

விண்ணப்பக் கட்டுரைக்கு என்ன எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். உலகத்துக்குச் சேவை செய்யப் பிறந்தேன் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், எது தப்பாகப் போனது என்று எழுதுங்கள். நான் சிஸ்டர் விரலைத் தேய்த்ததைத்தான் எழுதினேன். நேர்காணலில் இருபது நிமிடமும் அதைப் பற்றியே கேட்டார்கள்.