மூச்சு விடும்போது கதிர் குறி தவறிவிடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. வலது நுரையீரலில் 2 செ.மீ. புற்றுநோய்க் கட்டி, வேறெங்கும் பரவவில்லை. இதயம் பலவீனமாக இருப்பதால் ஆபரேஷன் வேண்டாம், ரோபோ ரேடியோசர்ஜரி செய்யலாம் என்கிறார்கள். மூச்சு விடும்போது நெஞ்சு அசையுமே, ரோபோ வேறிடத்தை வெட்டிவிடாதா? கட்டி அன்றே போய்விடுமா?

பதில்: பயப்படாதீர்கள். இதில் கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. ரோபோவின் கையில் இருப்பது எக்ஸ்ரே கதிர்களை உண்டாக்கும் கருவி. அம்மாவைச் சுற்றி நகர்ந்து, பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களைச் செலுத்தும். அவை சேரும் இடத்தில் மட்டுமே கட்டியை அழிக்கும் வீரியம் கிடைக்கும்.

மூச்சைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. நுரையீரலின் கீழ்ப்பகுதிக் கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் போய்வரும். அதற்காகவே நெஞ்சின் மேல் சிறு விளக்குகளைப் பொருத்தி அசைவைக் கேமரா கவனிக்கும். இடையிடையே எக்ஸ்ரே எடுத்துக் கட்டி இருக்குமிடத்தைச் சரிபார்ப்பார்கள். ரோபோ கை அந்த அசைவோடு சேர்ந்தே நகரும். அம்மா இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தால் போதும். பெரும்பாலும் 3 முதல் 5 அமர்வுகளில் முடிந்துவிடும்.

எக்ஸ்ரேயில் கட்டி தெளிவாகத் தெரியாவிட்டால், அடையாளத்துக்காக அரிசியை விடச் சிறிய தங்கத் துணுக்குகளை ஊசி வழியே உள்ளே வைப்பார்கள். அப்போது நுரையீரலில் காற்றுக்கசிவு ஏற்படலாம். அம்மாவுக்கு அது அவசியந்தானா என்று கேளுங்கள். கட்டி பெரிய மூச்சுக்குழாய்க்கு அருகில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அருகில் இருந்தால் ஒவ்வொரு முறையும் தரும் கதிரின் அளவைக் குறைத்துக் கூடுதல் நாட்களுக்குப் பிரித்துத் தருவதே பாதுகாப்பு. பேஸ்மேக்கர் இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

ரோபோ இல்லாத நவீன லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற கதிர்சிகிச்சைக் கருவியிலும் இதே முறையில் சிகிச்சை தரலாம்; சிறிய கட்டிகளில் பலனும் ஏறக்குறைய ஒன்றே. இயந்திரத்தின் பெயரைவிட, நுரையீரல் கட்டிகளில் அனுபவமுள்ள குழு முக்கியம் என்பேன்.

கட்டி அன்றே மறையாது; சுருங்க மாதங்கள் ஆகும். கதிர் பட்ட இடம் தழும்பாவதால், ஸ்கேனில் நிழல் பெரிதானதுபோலக்கூடத் தெரியலாம். ஒரே ஸ்கேனை வைத்து முடிவுக்கு வராமல், அடுத்தடுத்த ஸ்கேன்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் சாதாரண சளி என்று விட்டுவிடாதீர்கள். கதிரால் வரும் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். உடனே காட்டினால், பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கிவிடும்.