புண்ணான குடல் எப்படித் திரும்ப வளர்கிறது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வணக்கம். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது குடல் செல்களை வளர்த்து ஆராயும் ஆய்வகம் ஒன்றில் வேலை. மழை விட்டதும் நம் பக்கம் வயிற்றுப்போக்கு வீட்டுக்கு வீடு வரும், இந்த வருஷமும் வந்தது. அதை ஒட்டி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, மருந்து மாத்திரையை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

காசிமேடு தம்பி: அண்ணே, ஸ்டெம் செல் ஸ்டெம் செல் என்கிறார்களே, குடலில் அது எங்கே இருக்கு, என்ன பண்ணுது?

தம்பி, வாழையை நடுவில் வெட்டிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்த்திருக்கிறாயா? வெட்டின இடத்தின் நடுவிலிருந்து குருத்து தள்ளிக்கொண்டு வந்திருக்கும். ஸ்டெம் செல்லைக் குருத்தணு என்று தமிழில் சொல்வது அதனால்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிறுகுடலின் உள்பக்கம் வழவழப்பான குழாய் இல்லை, டர்க்கி டவல் மாதிரி லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றின் அடியைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குழிகள். அந்தக் குழியின் அடியில்தான் குருத்தணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. எலியின் ஒரு குழியில் சுமார் 15 இருக்கும், ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். புதிதாக வந்த செல்கள் மேலே ஏறும், ஏற ஏற வேலை பழகும், சிலது சத்தை உறிஞ்சும், சிலது சளி சுரக்கும், கடைசியில் உச்சியில் உதிர்ந்து வெளியே போய்விடும். இத்தனையும் 3 முதல் 5 நாளில். போன வாரம் இட்லியை உறிஞ்சிய செல்களில் பெரும்பாலானவை இன்று உன் வயிற்றில் இல்லை.

நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகத்தில் நிக் பார்க்கர் 2007-ல் இந்தக் குருத்தணுக்களை, அவற்றின் மேல் இருக்கும் எல்ஜிஆர்5 என்ற புரதத்தை அடையாளமாக வைத்துப் பிடித்தார். 2009-ல் அதே ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ ஒரே ஒரு குருத்தணுவிலிருந்து தட்டில் குட்டிக் குடலை வளர்த்துக் காட்டினார். நான் முதன்முதலில் அப்படி ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்த அன்று மதியச் சாப்பாடே மறந்துபோனது.

ராயபுரம் அம்மா: என் பையனுக்கு ஒன்றரை வயசு. ரோட்டா வைரஸ் என்றார்கள், ஐந்து நாள் பேதி. குடல் நிரந்தரமாகக் கெட்டுப்போயிருக்குமா?

பயப்படாதீங்கம்மா. அந்த வைரஸ் முக்கியமாகத் தாக்குவது குடலுறிஞ்சியின் மேல்பக்கத்தில் இருக்கும் முதிர்ந்த செல்களை. குழிக்குள் இருக்கும் குருத்து பெரும்பாலும் தப்பிவிடும், அங்கிருந்து வேகமாகப் புதுச் செல்கள் ஏறி வரும். பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் நொதியை முதிர்ந்த செல்கள்தான் செய்கின்றன, புதிதாக வந்தவை முதிரச் சில நாள் ஆகும் என்பதால் அதுவரை சில பிள்ளைகளுக்குப் பசும்பால் குடித்தால் வயிறு உப்பி மறுபடி போகும். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே கூடாது. மிச்சமிருக்கும் செல்கள் சர்க்கரையோடு சேர்த்து உப்பையும் இழுக்கும், பின்னாலேயே தண்ணீரும் போகும், ஓஆர்எஸ் வேலை செய்வது அப்படித்தான். அதனால் பொட்டலத்தில் போட்டிருக்கிற தண்ணீர் அளவைக் கூட்டாமல் குறைக்காமல் கலக்குங்கள். பேதி நின்றாலும் டாக்டர் சொன்ன துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை 14 நாளும் கொடுங்கள். கண் குழிந்தாலோ, சிறுநீர் போகாமல் சுணங்கிக் கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பெரம்பூர் தங்கை: அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய், ரேடியேஷன் போகுது, கூடவே பேதி. கதிர் அந்த ஸ்டெம் செல்லையே கொன்றுவிட்டால் குடல் எதிலிருந்து வளரும்?

இந்தக் கேள்விக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்மா. கதிர் அதிகம் அடிப்பது பிரிந்துகொண்டே இருக்கும் செல்களை, குருத்தணு ஓயாமல் பிரிவதால் அது முதலில் சாகும். எலியில் எல்ஜிஆர்5 செல்களை மட்டும் குறிவைத்துக் கொன்று பார்த்தார்கள், 2011-ல். குடல் சரிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம், ஆனால் நாள்கணக்கில் குடல் தன்பாட்டுக்கு ஓடியது, கொல்வதை நிறுத்தியதும் குழியின் அடியில் புதுக் குருத்தணுக்கள் வந்து உட்கார்ந்தன. எங்கிருந்து? மேலே ஏறிக்கொண்டிருந்த, பாதி வேலை பழகிவிட்ட செல்கள், காலியான இடத்துக்குத் திரும்பிப் பழகினதை விட்டுவிட்டு மறுபடி குருத்தாகின்றன. வாழையில் விரிந்த இலை திரும்பக் குருத்தாகாது, குடலில் ஆகிறது! காயம்பட்ட இடத்துச் செல்கள் கொஞ்ச காலம் கருவிலிருக்கும் குழந்தையின் குடல் போன்ற குணத்துக்கே போய்வருவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கதிர் பட்ட பிறகு, அப்படித் திரும்பி வந்த எல்ஜிஆர்5 செல்களையும் சேர்த்துக் கொன்றால் குடல் தேறுவதில்லை, ஆக குருத்தணு இல்லாமல் சமாளிக்கும் என்று அர்த்தமில்லை, இழந்ததைத் திரும்பச் செய்துகொள்ளும் என்றுதான் அர்த்தம்.

அம்மாவுக்கு இப்போது வரும் பேதி பெரும்பாலும் சிகிச்சை முடிந்து சில வாரத்தில் அடங்கும். மாதங்கள், வருஷங்கள் கழித்து வருவது வேறு. அது ரத்தக்குழாய் சுருங்கித் தழும்பு விழுவதால் வருவது, அதைக் குருத்தணு சரிசெய்யாது. பின்னாளில் ரத்தம் போனால் மூலம் என்று நீங்களே முடிவுசெய்யாமல் ரேடியேஷன் டாக்டரிடம் காட்டுங்கள்.

வியாசர்பாடி அண்ணன்: க்ரோன்ஸ் நோய் (குடல் நாள்பட அழன்று புண்ணாகும் நோய்), பௌத்திரமும் இருக்கு. ஒரு இடத்தில் ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் அண்ணே, கடன் வாங்கிப் போய் நிற்காதீர்கள். 2017-ல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான எலும்புமஜ்ஜை வகைச் சிகிச்சை தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாகத்தான் நடக்க வேண்டும், ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களால் செய்த டார்வட்ஸ்ட்ரோசெல் என்ற மருந்துக்கு, உங்களுக்கு இருக்கிற இதே பௌத்திரத்துக்காக, ஐரோப்பாவில் 2018-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் பிறகு நடந்த பெரிய ஆய்வில் அது மருந்தில்லாத வெறும் ஊசியைவிட மேலாக வேலை செய்யவில்லை, 2024-ல் திரும்பப் பெற்றார்கள். ஜப்பானில் 2022-ல் பெருங்குடல் புண் நோயாளி ஒருவருக்கு அவருடைய செல்லிலிருந்தே வளர்த்த குட்டிக் குடலை வைத்தார்கள், அதை நான் ஆசையோடு கவனிக்கிறேன், ஆனால் அது கடையில் வாங்கும் ஊசி இல்லை. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் குடல் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள்.

எண்ணூர் தம்பி: இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக் வலி மாத்திரை தினமும் போடுகிறேன். குடல்தான் தானே வளருமே?

குடல் வளரும் வேகத்தைவிட வேகமாக அந்த மாத்திரை அரித்தால் எப்படித் தம்பி வளரும்? குடலின் உள்பக்க மேல்படலத்தைத் தாண்டிப் புண் ஆழமாகப் போனால் தழும்புதான் மிஞ்சும். வலிக்குக் காரணம் என்ன என்று பாருங்கள்.

திருவொற்றியூர் அக்கா: குருத்தணுவைக் கூட்ட என்ன சாப்பிடணும்?

அப்படி ஒரு பொடியோ கஷாயமோ இல்லை அக்கா. ஆனால் நாள்கணக்கில் பட்டினி போட்டால் குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடும், அதனால் பேதி என்று பிள்ளையைக் காயப்போடாதீர்கள். கஞ்சி, இட்லி, குழைந்த பருப்புச் சாதம், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. மூன்றாம் நாள் அவனே மீன் குழம்பு கேட்டால் காரம் குறைத்து ஊற்றுங்கள், பசி எடுத்துவிட்டது என்பதே நல்ல சேதிதான்.