சைக்கிள் பந்தயமும் ஊக்கமருந்துச் சந்தேகமும்: கேள்வி பதில்

கேள்வி: 2024 டூர் டி ஃபிரான்ஸில் பிளாட்டோ டி பெய் ஏற்றத்தை போகாச்சர் 40 நிமிடத்துக்குள் ஏறிவிட்டார். 1998-ல் பாந்தானி எடுத்ததைவிட மூன்றரை நிமிடத்துக்கு மேல் குறைவு. பாந்தானி காலம் ஊக்கமருந்து மலிந்த காலம் என்று ஊருக்கே தெரியும். பிறகு சந்தேகம் வராமல் இருக்குமா சார்?

பதில்: வரட்டும், தப்பில்லை. ஆனால் அந்த நேரம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று பாருங்கள். ஏற்றம் 15.8 கி.மீ., சராசரி சரிவு 7.9 சதவீதம், ஏறும் உயரம் சுமார் 1,250 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 1,890 மீட்டர் உயரம் ஏறும் வேகம் அது. சரிவு சதவீதத்தைப் பத்தால் பெருக்கி 200-ஐக் கூட்டினால் 279. 1,890-ஐ அதால் வகுத்தால் உடல் எடையில் கிலோவுக்கு 6.8 வாட் திறன் வரும். (இந்த வாய்ப்பாட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மிக்கேல் ஃபெராரி, ஊக்கமருந்து வழக்கில் ஆயுள் தடை பெற்ற மருத்துவர்.)

இந்தக் கணக்கில் காற்று வராது. மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் ஏறும்போது பின்னாலிருந்து 7 கி.மீ. காற்று தள்ளினாலே சுமார் 25 வாட் மிச்சமாகும். 65 கிலோ வீரருக்கு அது கிலோவுக்கு 0.4 வாட். நடுவில் கொஞ்ச தூரம் போட்டியாளர் விங்கேகோரின் பின்சக்கரத்தை ஒட்டியே ஏறியதும் கணக்கில் இல்லை. இன்றைய டயர்களின் உருளல் தடை குறைவு. மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்; 90-களில் அந்தப் பழக்கம் கிடையாது. இவை எல்லாம் சேர்ந்து மொத்த வித்தியாசத்தையும் விளக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். யாரை அடிக்கடி சோதிப்பது என்று முடிவு செய்ய இந்த எண் உதவும். ஒரு மனிதரைக் குற்றவாளி என்று எழுத அது போதாது.

கேள்வி: ‘பாசிட்டிவ்’ என்று செய்தி வந்தாலே ஆள் மாட்டிக்கொண்டார் என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. சோதனையில் குறைந்தது 90 மில்லி சிறுநீர் எடுப்பார்கள். வீரரே பெட்டியைத் தேர்ந்தெடுத்து, ஏ பாட்டிலிலும் பி பாட்டிலிலும் தன் கையால் ஊற்றி மூடுவார். ஆய்வகத்துக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். முதலில் வருவது ஏ மாதிரியின் முடிவு. பிறகு பி மாதிரியைத் திறக்கக் கேட்கும் உரிமை, வீரரின் விளக்கம், குற்றச்சாட்டு, விசாரணைக் குழு, கடைசியாக லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம். செய்தி எந்தப் படியில் வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் கடைசி வரை அவர் நிரபராதி என்றே கொள்ள வேண்டுமா?

பதில்: இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஊக்கமருந்துச் சட்டம் குற்றவியல் சட்டம் அல்ல. விதிமீறல் நடந்தது என்று முதலில் நிரூபிக்க வேண்டியது ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புதான். ‘ஐயத்துக்கு இடமின்றி’ நிரூபிக்க வேண்டியதில்லை, அதைவிட ஒரு படி கீழே இருந்தால் போதும். தடைசெய்த பொருள் உடலில் இருந்தது உறுதியானால் விதிமீறலும் உறுதி. தெரிந்து எடுத்தாரா, தெரியாமல் வந்ததா என்பது தண்டனையின் அளவுக்கு மட்டுமே. அது எப்படி வந்தது என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் வீரர் தலையில் விழும்.

கோன்டடோர் வழக்கு இதற்கு உதாரணம். அவர் பட்டம் வென்ற 2010 டூரில் அவர் சிறுநீரில் இருந்தது மில்லிக்கு 50 பிக்கோகிராம் கிளென்பியூட்டரால் என்ற தடைசெய்த மருந்து. ஒரு பிக்கோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மாட்டிறைச்சியால் வந்தது என்றார். ஸ்பெயின் சம்மேளனம் விடுவித்தது. 2012 பிப்ரவரியில் நடுவர் நீதிமன்றம் இரண்டு ஆண்டு தடை விதித்தது. வேண்டுமென்றே எடுத்தார் என்று அது சொல்லவில்லை. கலப்படமான சத்துமாத்திரையால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. இறைச்சிதான் காரணம் என்று அவரால் நிறுவ முடியவில்லை, அவ்வளவுதான். 2019 முதல், மில்லிக்கு 5 நானோகிராமுக்குக் குறைவாக இருந்தால் இறைச்சி காரணமா என்று முதலில் விசாரிக்க வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) வழி செய்திருக்கிறது. கோன்டடோரின் அளவு அதில் நூறில் ஒரு பங்கு. அந்தப் பட்டம் பறிபோனதை நினைத்தால் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கேள்வி: ஃப்ரூம் மட்டும் எப்படித் தப்பினார்? பணபலமா?

பதில்: ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில், 2017-ல், 18-ஆவது கட்டத்தில் அவர் மாதிரியில் சல்பூட்டமால் மில்லிக்கு 2,000 நானோகிராம். அனுமதித்த அளவு 1,000. அளவீட்டுப் பிழையையும் சேர்த்து, மீறலாகக் கொள்ளும் வரம்பு 1,200. உடலில் நீர் வற்றிச் சிறுநீர் கெட்டியாக இருந்ததால், அடர்த்தியைச் சரிசெய்தபோது 1,429 ஆனது. அதுவும் வரம்புக்கு மேல்தான். சல்பூட்டமால் ஆஸ்துமா இன்ஹேலர் மருந்து. 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை உறிஞ்ச அனுமதி உண்டு. சிறுநீரில் காணும் அளவுக்கும் உறிஞ்சிய அளவுக்கும் நேரான தொடர்பு கிடையாது. அனுமதித்த அளவே எடுத்திருக்கலாம் என்று வாடா ஏற்றதால் 2018 ஜூலை 2-ல் யுசிஐ (சர்வதேச சைக்கிள் சம்மேளனம்) வழக்கை மூடியது.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. 2014 ஜீரோ டி இத்தாலியா பந்தயத்தில் அதே மருந்து 1,900 இருந்த டியேகோ உலிஸ்ஸிக்கு ஒன்பது மாதத் தடை. நல்ல வழக்கறிஞரும் மருந்தியல் நிபுணரும் வைக்க வசதியில்லாதவருக்கும் அதே விளக்கம் கிடைத்திருக்க வேண்டும். இன்னொன்று, இப்படிப்பட்ட மருந்துக்கு உடனடி இடைநீக்கம் கட்டாயமில்லை; முடிவு வரும்வரை பெயரும் வெளிவரக் கூடாது. ஃப்ரூம் பெயர் 2017 டிசம்பரில் பத்திரிகைகளில் கசிந்துவிட்டது. அதன்பின் அவர் ஓடிய ஒவ்வொரு பந்தயமும் விசாரணைக் கூண்டாகிவிட்டது.

கேள்வி: மருந்தே பிடிபடாமல் ரத்தப் பாஸ்போர்ட்டை வைத்து எப்படித் தண்டிக்கிறார்கள்?

பதில்: ஒரு வீரரின் ரத்த அளவுகளைத் தொடர்ந்து பதிவு செய்து மாற்றங்களைப் பார்ப்பதுதான் ரத்தப் பாஸ்போர்ட். 2008 முதல் யுசிஐ இதை நடத்துகிறது. முக்கியமாக இரண்டு எண்கள்: லிட்டருக்கு எத்தனை கிராம் ஹீமோகுளோபின், இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட் எத்தனை சதவீதம். ரெட்டிகுலோசைட்டின் வர்க்கமூலத்தை 60-ஆல் பெருக்கி ஹீமோகுளோபினிலிருந்து கழிப்பார்கள். ஹீமோகுளோபின் 150, ரெட்டிகுலோசைட் 1.0 என்றால் விடை 90. ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு ஹீமோகுளோபின் ஏறும், எலும்பு மஜ்ஜை உற்பத்தியைக் குறைக்கும்: 165, 0.36 என்றால் விடை 129-க்குப் போய்விடும். மூன்று வாரப் பந்தயத்தில் பிளாஸ்மா கூடுவதால் ஹீமோகுளோபின் இயல்பாகக் குறைய வேண்டும். குறையாமல் நின்றால் நிபுணர்கள் கவனிப்பார்கள்.

இதிலும் தவறு நேரலாம். வயிற்றுப்போக்கு, மலைப் பயிற்சி, மாதிரி சூடாகிப் போவது எல்லாம் எண்ணைப் புரட்டும். அதனால்தான் பெயர் தெரியாமலே மூன்று நிபுணர்கள் பார்த்து, மூவரும் ஒத்துக்கொண்டால்தான் வழக்கு. இப்படித் தொடுத்த, செக் வீரர் ரோமன் கிரோய்ட்சிகர் மீதான வழக்கை 2015-ல் யுசிஐயும் வாடாவுமே திரும்பப் பெற்றன.

கேள்வி: ஆம்ஸ்ட்ராங்கும் ‘ஒரு சோதனையிலும் தோற்கவில்லை’ என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்? நிரபராதி என்று நம்பி ஏமாந்தோமே!

பதில்: சோதனையில் தோற்காததும் நிரபராதி என்பதும் ஒன்றல்ல. 2012-ல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அவரை வீழ்த்தியது 26 பேரின் சாட்சியத்தாலும் பண ஆவணங்களாலும். அவர்களில் 11 பேர் பழைய அணித் தோழர்கள். 1999 முதல் 2005 வரையிலான ஏழு பட்டங்களும் போயின. அவரை முன்பே கேள்வி கேட்ட பத்திரிகையாளர்கள் வெறும் வேகத்தைக் காட்டி எழுதவில்லை. ஆள், இடம், தேதி, மருந்துச் சீட்டு என்று தேடிப் போனார்கள். நீங்களும் சந்தேகத்தை எழுதுவதானால் எதைப் பார்த்தீர்கள், யார் சொன்னது, வேறு விளக்கம் உண்டா என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.