பழைய கப் வாங்கும் முன்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சுமையும் ஏற்ற வேண்டும், நாளாந்தப் போக்குவரத்துக்கும் உதவ வேண்டும் என்ற நோக்கில் பாவித்த கப் (பின்புறம் சுமைப் பெட்டியுள்ள பிக்அப்) வாகனம் தேடுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு, திருகோணமலையில் கராஜ் நடத்துபவன் என்ற வகையில் இங்கே பதில் தருகிறேன். விலைகளை எழுதவில்லை, அவை மாதத்துக்கு மாதம் மாறுகின்றன.

கேள்வி (கிண்ணியா, இரும்புப் பொருட்கடை உரிமையாளர்): ஐயா, எஞ்சின் நன்றாக இருந்தால் போதும் என்கிறார் தரகர். மானியும் குறைந்த ஓட்டத்தையே காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: எஞ்சினைப் பிரித்துத் திருத்தலாம், வேறொன்றை வாங்கிப் பொருத்தவும் செய்யலாம், செசி, அதாவது வாகனத்தைத் தாங்கும் அடிச்சட்டம், உக்கிவிட்டால் அந்த வாகனம் முடிந்தது என்றே கொள்ளுங்கள். ஆகவே கடற்காற்று படும் ஊரில் வாகனத்தைக் கீழிருந்து பார்க்கத் தொடங்குவதே முறை. பின் அச்சுக்கு மேலே செசி வளைந்து ஏறும் இடம், வில்லுத் தகடுகளைத் தாங்கும் கொளுவிகள், மேலதிகச் சில்லு தொங்கும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரிபட்ட இரும்பு மந்தமாக ஒலிப்பதோடு செதிலாகவும் உதிரும். செசியின் நீள் சட்டங்கள் உட்புறம் கூடானவை என்பதால், சேறும் உப்பு நீரும் அங்கே தங்கி, வெளியே வர்ணம் பளபளக்கும்போதே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். விற்பனைக்குச் சற்று முன்னர் பூசப்பட்ட புதுக் கறுப்புப் பூச்சு அழகுக்காகப் பூசப்பட்டதென்று நான் ஒருபோதும் எண்ணுவதில்லை.

பெயர் பெற்ற தயாரிப்பு என்பதற்காக உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவில் டக்கோமா என்ற பிக்அப் உள்ளிட்ட சில மாதிரிகளின் செசிகளுக்குத் துருத் தடுப்புப் போதவில்லை என்று தொடரப்பட்ட வழக்கில், டொயோட்டா நிறுவனம் 2016 ஆம் ஆண்டு 340 கோடி டொலர் வரையான இணக்கப்பாட்டுக்கு வந்தது.

மானியைப் பொறுத்தவரை, அதிலுள்ள எண்ணை மாற்றுவது எளிது. பிரேக் மிதியின் இறப்பர், ஸ்டியரிங் வளையம், சாரதி ஆசனத்தின் வெளி ஓரம், சாரதிக் கதவின் கீல் ஆகியவை தேய்ந்திருக்கையில் மானி மட்டும் இளமையாக இருந்தால், மானியை நம்பாதீர்கள்.

கேள்வி (குச்சவெளி, மீன் வியாபாரி): மீன் ஏற்றிய கப் ஒன்று மலிவாக வருகிறது. நானும் மீன்தானே ஏற்றப்போகிறேன்; வாங்கினால் என்ன?

பதில்: விற்பவர் ஏன் விற்கிறார் என்பதை யோசியுங்கள். ஐஸ் உருகி ஒழுகும் உப்பு நீர் பின் பெட்டியின் மடிப்புகள் வழியாகச் செசியின் மேற்பரப்பிலேயே விழுகிறது. கரையோர வீதியில் பல ஆண்டுகள் ஓடியதை விட இதுவே கூடுதலாக அரிக்கும். பெட்டிக்குள் இறப்பர் விரிப்பு இருந்தால் அதைத் தூக்கிப் பார்க்காமல் பேரம் பேச வேண்டாம். உள்நாட்டில், கந்தளாய் அல்லது குருநாகல் பக்கம் ஓடிய வாகனத்தைச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தேனும் வாங்கி, மீன் பெட்டிகளின் நீர் குழாய் வழியாகச் செசிக்கு அப்பால் வடியும்படி செய்து, ஒவ்வொரு சுமைக்குப் பிறகும் கீழ்ப்புறத்தை நன்னீரால் கழுவுங்கள்.

கேள்வி (கந்தளாய், விவசாயி): அறுவடைக்கு நெல் மூடைகள், மற்ற நாட்களில் பிள்ளைகளின் பாடசாலை. ஒரு வரிசை ஆசனமுள்ள சிங்கிள் கப்பா, இரு வரிசையுள்ள டபுள் கப்பா?

பதில்: பதிவுச் சான்றிதழில் வெற்று எடையும் மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வாகனம் தாங்கக்கூடியது. அதில் ஆட்களின் எடையும் அடங்கும். வித்தியாசம் ஒரு தொன் என்று வைத்துக்கொண்டால், தலைக்கு 70 கிலோ வீதம் ஐவர் ஏறியதும் 350 கிலோ குறைந்துவிடும். 70 கிலோ மூடைகள் 15 என்றாலே 1,050 கிலோ. சாரதி ஏறுவதற்கு முன்னரே எல்லை தாண்டிவிட்டது. டபுள் கப்பின் பெட்டி குட்டையானது என்பதும் நினைவிருக்கட்டும். நெல்லுக்கு அறுவடைக் காலத்தில் லொறியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, குடும்பத்துக்கும் உரம், விதைநெல் போன்ற சிறு சுமைகளுக்கும் டபுள் கப் வாங்குவதே உங்களுக்குப் பொருந்தும். கூடுதலாக வில்லுத் தகடு சேர்க்கப்பட்டிருந்தால் அந்த வாகனம் அளவுக்கு மீறி ஏற்றியது என்பதற்கு அதுவே சாட்சி.

கேள்வி (மூதூர், ஆசிரியை): தினமும் திருகோணமலைக்கு வந்துபோக வேண்டும். எந்த எஞ்சின் தொல்லை குறைந்தது?

பதில்: டொயோட்டாவின் பழைய ஹைலக்ஸ்களில் வரும் 2.8 லீற்றர் 3எல், 3 லீற்றர் 5எல் ஆகிய இரண்டும் டர்போ இல்லாத, இயந்திரப் பம்பு கொண்ட டீசல் எஞ்சின்கள். வேகம் குறைவு, சத்தம் கூடுதல், ஆனால் திருத்தத் தெரிந்தவர் எங்கும் உண்டு. பின்னர் வந்த 2.5, 3 லீற்றர் கேடி வகைகள் ஓட்டத்துக்கு இனிமையானவை. ஆயினும் அவற்றில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் விலை கூடியவை, கலப்பட டீசலைத் தாங்காதவை. வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் புழங்கும் கரையோரத்தில், அதையே டீசலோடு கலந்து ஓட்டியவர்களும் உண்டு; மண்ணெண்ணெயில் மசகுத்தன்மை குறைவு என்பதால் பம்பும் இன்ஜெக்டரும் தேயும். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் சென்று, நீங்களே இயக்கிப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள்.

இந்த ஹைலக்ஸ்களிலும் மிட்சுபிஷி எல் 200 இன் 4டி56 எஞ்சினிலும், வால்வுகளை நேரத்துக்கு இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உண்டு. அது ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினின் மேற்பகுதி சேதமடையும். மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையெனில், வாங்கியவுடன் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். இசுசு டி-மக்ஸின் 3 லீற்றர் 4ஜேஜே1 எஞ்சினில் பெல்ட் அல்ல, செயின். மூதூர்ப் பக்கம் மாவலி பெருகும்போது நீரில் நின்ற வாகனங்களும் சந்தைக்கு வருவதால், பின் டிஃபரென்ஷியல் (பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) ஒயிலைச் சிறிது இறக்கிப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கேள்வி (நிலாவெளி): நான்கு சில்லு இயக்கம் தேவையா?

பதில்: கடற்கரை மணலில் வள்ளம் இழுப்பவருக்குத் தேவை, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வீண் செலவு. இருந்தால் மணலில் பூட்டிச் சோதியுங்கள். தேவையானபோது மட்டும் பூட்டும் சாதாரண வகையை உலர்ந்த தார் வீதியில் பூட்டித் திருப்பினால் பற்சக்கரங்கள் முறுக்குண்டு கெடும்.

கேள்வி (உப்புவெளி): உரிமையாளர் பெயர் மாறாமல், கையெழுத்திட்ட படிவங்களோடு கைமாறிய வாகனம் ஒன்று இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரை, பழைய வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன, பெயர் மாற்றாதவையும் அவற்றில் உண்டு. பதிவுச் சான்றிதழில் முழுமையான உரிமையாளராக, வாகனத்துக்குக் கடன் கொடுத்த லீசிங் நிறுவனம் ஒன்று பதியப்பட்டிருந்தால், பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல், அவரோடு அந்த நிறுவனத்துக்கே சென்று மீதியைச் செலுத்தி விடுவிப்புக் கடிதத்தைப் பெறுங்கள். செசியில் பொறிக்கப்பட்ட இலக்கத்தையும் துணியால் துடைத்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். துருவால் அது வாசிக்க முடியாதபடி இருந்தால், எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றப்போகும்போது அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்களாகவே இருப்பீர்கள்.